சிறுநீரகச் சிகிச்சைக்குச் சென்னை வருவோர் அறிய வேண்டியவை

எங்கள் சிறுநீரகப் பிரிவின் புறநோயாளர் கூடத்தில் காலை எட்டு மணிக்குக் காத்திருப்போரைப் பார்த்தாலே, வெளியூரிலிருந்து வந்தவர் யார் என்பது விளங்கிவிடும். மடியில் ஒரு பை, காலடியில் இன்னொரு பை, கையில் ஓரம் சுருண்ட மருத்துவக் கோப்பு, கண்களில் இரவெல்லாம் உறங்காத சிவப்பு. திருநெல்வேலியிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் வருகிறார்கள்; கொல்கத்தாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும்கூட வருகிறார்கள். நோயைப் பற்றிய ஐயங்களை எங்களிடம் கேட்கிறார்கள். எங்கே தங்குவது, எந்தப் பேருந்தில் ஏறுவது, எதை உண்பது என்பன போன்ற ஐயங்களை வாயிலுக்கு வெளியே யாரிடமோ கேட்கிறார்கள். அந்த ‘யாரோ’ சொன்னதால் நேர்ந்த இன்னல்களை நாங்கள் பிறகு நோயாகச் சந்திக்கிறோம். ஆகவே அந்த ஐயங்களுக்கும் இங்கே இடம் தர விரும்புகிறோம்.

முதலில் பயண இரவு. கையில் ஃபிஸ்டுலா அமைக்கப்பட்டவர்கள் அந்தக் கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு உறங்குதல் கூடாது. தொடர்வண்டியின் படுக்கையில் தலையணை இல்லாதபோது பலரும் அறியாமலே செய்வது இது. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் ஃபிஸ்டுலா உறைந்துபோகும். வண்டியை விட்டு இறங்கியதும் மறுகையின் விரல்களை அதன்மேல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அதிர்வு இல்லையெனில் விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று எண்ண வேண்டாம். நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும்.

மாத்திரைகளும் கோப்பும் பெரிய பெட்டிக்குள் இருக்கக் கூடாது. உடலோடு ஒட்டிய சிறு பையில் இருக்க வேண்டும். துணி தொலைந்தால் வாங்கிக்கொள்ளலாம். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை இரண்டு நாள் கிடைக்காமற்போனால் அதன் விளைவு வேறு. கோப்பின் முக்கியப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து, உடன் வருபவரின் கைப்பேசிக்கும் அனுப்பிவிடுங்கள்.

தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது நகருக்குள் வருவதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தோடு பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகரின் நடுப்பகுதிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ‘கோயம்பேட்டில் இறங்கினால் பக்கம்’ என்று பழைய நினைவில் உறவினர் சொன்ன வழி பயன்படாது. கிளாம்பாக்கத்திலிருந்து மாநகரப் பேருந்துகள் உண்டு; ஆயினும் டயாலிசிஸ் நாளன்று அதிகாலை வந்திறங்கி நேரே சிகிச்சைக்கு வரும் திட்டத்தை நாங்கள் விரும்புவதில்லை. முதல்நாள் மாலையே வந்துவிடுவது நல்லது. தொடர்வண்டியில் வருவோருக்குச் சென்ட்ரலிலும் எழும்பூரிலும் மெட்ரோ நிலையங்கள் உள்ளன. மின்தூக்கி உண்டு, மூச்சிரைப்பு உள்ளவரை ஏணிப்படிகளில் ஏற்ற வேண்டியதில்லை. விடியுமுன் வந்து சேர்ந்தால் நிலையத்தின் காத்திருப்போர் அறையிலேயே விடியும்வரை இருங்கள்.

இன்னொன்று. இந்நகரத்தில் ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்றோ ‘ஜி.எச்.’ என்றோ சொன்னால், சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையைத்தான் எவரும் புரிந்துகொள்வர். 1664-இல் தொடங்கிய மருத்துவமனை அது. அப்பெயர் அதற்கே உரியது. வேறு மருத்துவமனைக்கு வர வேண்டியவர்கள் அங்கே இறங்கி, சீட்டு வாங்கும் வரிசையில் நின்று, நண்பகலில் எங்களிடம் வந்து சேர்வதுண்டு. மருத்துவமனையின் முழுப் பெயர், சாலையின் பெயர், பகுதியின் பெயர் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஆட்டோ கட்டணம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் என்று அரசு 2013-இல் நிர்ணயித்தது. அந்தக் கணக்கில் இன்று வண்டி ஓட்டுபவரைக் காண்பது அரிது. ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடித்துவிடுங்கள். இறங்கும்போது வாக்குவாதம் செய்ய நோயாளியின் உடம்பு இடம் தராது. ‘அண்ணா’ என்று அழைத்துப் பேசுவது இவ்வூர் வழக்கம். அச்சொல்லுக்கு இங்கே மதிப்பு உண்டு. சென்னைப் பேச்சு வெளியூரினரின் காதுக்குச் சற்றுக் கரடுமுரடாகக் கேட்கும். அதில் அவமதிப்பு இல்லை. ஒருமையில் பேசிய அதே ஓட்டுநர், நடக்க இயலாத மூதாட்டியைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து விட்டுச் செல்வதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

மாநகரப் பேருந்தின் இடப்புற இருக்கைகள் மகளிருக்கு உரியவை. வெளியூர் ஆண்கள் அறியாமல் அமர்ந்து கடிந்துரை கேட்பதுண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் 2021 முதல் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக வருபவருக்கும் அந்தச் சலுகை உண்டு. நெரிசலில் மேற்கம்பியைப் பிடிக்கும்போது ஃபிஸ்டுலா இல்லாத கையால் பிடியுங்கள். அந்தக் கையில் பையை மாட்டுவதும், இறுக்கமான வளையலோ கடிகாரமோ அணிவதும் வேண்டாம். இடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ‘ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், கொஞ்சம் உட்கார இடம் கொடுங்கள்’ என்றால் எழுந்திருக்காதவர் இந்நகரில் மிகக் குறைவு.

உபசாரம் என்னும் இடர்

இந்நகரின் திருடர்களைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில், திருடர்களால் நோயாளிகளுக்கு நேர்ந்த கேட்டைவிட அன்பான உறவினர்களால் நேர்ந்த கேடு அதிகம்.

சென்னைக்கு வந்துவிட்டு மாம்பலத்து அத்தை வீட்டுக்கும் பெரம்பூர் சித்தப்பா வீட்டுக்கும் போகாமல் திரும்ப முடியாது. போனால் காபி வரும். வேண்டாம் என்றால் மனம் நோகும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர் என்று நாங்கள் அளவு சொல்லியிருப்போம். ஒரு மாலையில் மூன்று வீடுகள். மூன்று காபி, ஒரு மோர், இரவு உணவில் இரசம். அளவில் பாதிக்குமேல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மறுநாள் காலை மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார். இதற்கு இவ்வூர் வழக்கத்துக்குள்ளேயே வழி உண்டு. ‘வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள். ‘டபராவில் பாதி கொடுங்கள், அம்மா, டாக்டர் அளவு வைத்திருக்கிறார்’ என்று சொல்லுங்கள். கொடுத்தவருக்கும் நிறைவு; உங்களுக்கும் கேடில்லை. பழியை எங்கள்மேல் போடுங்கள், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இளநீர் இதைவிடக் கடுமையான செய்தி. நோயாளியைக் காண வருபவர் இளநீரும் சாத்துக்குடியும் வாங்கி வருவது நம் மரபு. மருத்துவமனை வாயில்தோறும் இளநீர் வண்டி நிற்பதும் அதனால்தான். காய்ச்சலில் படுத்தவருக்கு அது நல்லதாக இருக்கலாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது நஞ்சுக்கு ஒப்பானது. ஓர் இளநீரில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கக்கூடும். நாளொன்றுக்கு மொத்த உணவிலும் சேர்த்து 2000 மில்லிகிராம் அளவில் நிறுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்லும் நோயாளி, சென்னை வெயிலில் தாகத்துக்கு இரண்டு இளநீர் குடித்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் வலி தோன்றாது. கை கால் சற்றுத் தளரும். சிலருக்கு அதுவும் இராது. இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றும் போகலாம். வாழைப்பழம், மாதுளை, சாத்துக்குடி ஆகியவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நட்சத்திரப் பழம் என்று ஐந்து விளிம்புகளோடு எப்போதாவது பழவண்டிகளில் காணப்படும் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் ஒரு துண்டுகூட உண்ணலாகாது. அதிலுள்ள நச்சுப்பொருள் நரம்பைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பழம் வாங்கும் காசில் ஆட்டோவுக்குக் கொடுத்து நோயாளியைப் பார்த்துவிட்டுப் போனால் போதும்.

உணவகச் சாப்பாட்டில் சாம்பாரும் இரசமும் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். ஊறுகாயும் அப்பளமும் கேளாமலே இலைக்கு வந்துவிடும். அவற்றை இலையின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவது எவரையும் புண்படுத்தாது. சமையலறை உள்ள வாடகை அறைகளில் தங்குவோர் கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை நல்லது என்று எண்ணி வாங்கிவிடுகிறார்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியமே சேர்க்கப்பட்டிருக்கும்.

கோயில்கள். மயிலைக்கும் வடபழனிக்கும் திருவல்லிக்கேணிக்கும் சென்று வேண்டிக்கொண்டு வருவது பலருக்குச் சிகிச்சையின் ஒரு பகுதியே. நாங்கள் அதைத் தடுப்பதில்லை; நேரத்தை மட்டும் சொல்கிறோம். நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பாதங்களில் உணர்ச்சி மங்கியிருக்கும். பகல் பதினொரு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிரகாரத்தின் கருங்கல்லில் வலம் வந்தால், உடன் வருபவர் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவார். நோயாளி அமைதியாக நடந்து வருவார். மாலையில் பாதம் முழுதும் கொப்புளம். அந்தப் புண் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். சில வேளைகளில் விரலை இழக்க நேரும். காலை எட்டு மணிக்குள் போய்வந்துவிடுங்கள். நண்பகலில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். கல் சூடு தணிய ஆறு மணியாவது ஆக வேண்டும். திரும்பியதும் உடன் வந்தவர் நோயாளியின் இரு உள்ளங்கால்களையும் பார்க்க வேண்டும். மெரினாவின் மணலுக்கும் இதே விதிதான். கழுத்தில் டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டவர்கள் அலையில் கால் நனைக்கவும் இறங்க வேண்டாம். ஒரு பேரலை போதும், குழாயின் கட்டு நனைந்து கிருமி நுழைய. அந்தக் கடலின் இழுப்பு உடல்நலம் உள்ளவரையே கொண்டுபோய்விடும்.

கேளாமல் வரும் உதவி

மருத்துவமனைக்கு எதிர்ப்புறம் தேநீர்க்கடையில் ஒருவர் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர், யாருக்கு உடம்பு, எத்தனை நாளாக என்று இரக்கத்தோடு விசாரிப்பார். தம் மைத்துனருக்கும் இதே நோய் இருந்தது என்பார். குறைந்த வாடகையில் அறை, பாதி விலையில் பரிசோதனை, வரிசையில் நில்லாமல் மருத்துவரைக் காணும் வழி என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, உங்கள் மனைவிக்கோ மகனுக்கோ சிறுநீரகம் தர ஆள் இருக்கிறது என்பார்.

இது கற்பனை அன்று. ஒரு காலத்தில் சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் ஏற்படும் அளவுக்கு இங்கே சிறுநீரக வணிகம் நடந்தது. வறுமையால் விற்றவர்கள் கடன் தீராமலும் உடல்நலம் குன்றியும் நின்றார்கள். அதைத் தடுக்கவே 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 2011-இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, உறுப்பை விற்பவர், வாங்குபவர், தரகர் ஆகிய அனைவருக்கும் ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும், 20 இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வாங்குபவர் என்பதில் நோயாளியின் குடும்பமும் அடங்கும். தரகரோ பெரும்பாலும் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைந்துவிடுகிறார். ஊரில் நிலத்தை விற்று வந்த பணம் அது. காவல் நிலையத்துக்குப் போய், எதற்காகக் கொடுத்தோம் என்று சொல்லவும் அவர்களால் முடிவதில்லை.

நேர்வழி மெதுவானது, ஆனால் இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோர் நெருங்கிய உறவினராகத் தரலாம். மற்றவர்கள் அன்பின் பொருட்டே தருகிறார்கள் என்பதை அங்கீகாரக் குழு ஆய்ந்து ஒப்ப வேண்டும். வெளிநாட்டினருக்கு, நெருங்கிய உறவினர் அல்லாத இந்தியர் எவரும் உயிரோடிருக்கையில் தர இயலாது. இலங்கையிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் குடும்பங்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமே வரிசைப்படி ஒதுக்குகிறது. மருத்துவமனை வழியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்த வரிசையில் பணத்துக்காக ஒருவரை முன்னே நகர்த்த எங்களாலும் முடியாது. தேநீர்க்கடையில் நிற்பவராலும் முடியாது.

இரத்தத்துக்கும் இதுவே பொருந்தும். காசுக்கு இரத்தம் தருவதும் பெறுவதும் 1998 சனவரி முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. வாயிலில் ‘நான் ஏற்பாடு செய்கிறேன்’ என்பவரின் ஆளை அழைத்து வராதீர்கள். உறவினர் எவரும் இல்லையெனில் இரத்த வங்கியில் அதைச் சொல்லுங்கள். மருத்துவமனையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பணம் அனுப்பினால் அறுவை சிகிச்சைத் தேதியை முன்னதாகத் தருகிறோம் என்று கைப்பேசியில் அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குச் சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் மீட்கும் வாய்ப்பு அதிகம். வீடு திரும்பும் நாளில் ஊழியருக்குக் ‘காபிச் செலவுக்கு’ என்று கொடுப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. எங்கள் பிரிவில் எவரும் அதைக் கேட்கக் கூடாது. கேட்டால் எங்களிடம் கூறுங்கள், உங்கள் சிகிச்சைக்கு அதனால் குறை வராது.

அப்படியானால் யாரிடம்தான் கேட்பது? நாங்கள் சொல்வது ஒன்றே. உங்களைத் தேடி வந்து உதவுகிறேன் என்பவரைத் தவிர்த்து, நீங்கள் தேடிப் போய்க் கேட்கக்கூடியவரிடம் கேளுங்கள். நாளையும் அதே இடத்தில் இருப்பவராக அவர் இருக்கட்டும்: கடைக்காரர், நடத்துநர், போக்குவரத்துக் காவலர், எங்கள் உதவி மேசையில் இருப்பவர். சென்னைவாசிகளுக்கு வழி சொல்வதில் தனி விருப்பம் உண்டு. ஒருவரைக் கேட்டால் மூவர் சொல்வார்கள். மூவரும் ஒன்றே சொன்னால் அவ்வழியே போகலாம்.

ஒரு விதிவிலக்கு, மருந்துக்கடை. இவ்வூரில் கடைக்காரரிடம் ‘உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டு இரண்டு மாத்திரை வாங்கிக்கொள்வது சாதாரணம். இரவுப் பயணம் செய்தவருக்கு உடம்பு வலிக்கத்தான் செய்யும். அப்படிக் கிடைக்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டையும் கெடுத்துவிடும். பாராசிட்டமால் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் அடங்காத வலி எனில் எங்களிடம் வாருங்கள்.

அறை எடுக்கும்போது மருத்துவமனைக்கு நடந்து வரும் தொலைவில் எடுப்பதே நன்று. வாடகை சற்றுக் கூடினாலும் ஆட்டோ செலவில் அது ஈடாகிவிடும். வெளிநாட்டினரின் வருகையை விடுதியினர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குப் பதிவு செய்ய வேண்டும்; செய்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குடிநீர்க் குடுவையின் முத்திரை பிரிக்கப்படாததா என்று பாருங்கள். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் அந்நீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

கடைசியாக மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்நகரத்துச் சாலைகள் பல நாள்கள் நீரில் நின்றதை யாரும் மறக்கவில்லை. டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு முறை தவறுவதே இடர். இரு முறை தவறினால் உயிருக்கே கேடு. கனமழை எச்சரிக்கை வந்தவுடன் எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு அழைத்து, உங்கள் முறையை ஒரு நாள் முன்னதாக மாற்ற இயலுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் இயலும். மழை நின்றபின் கேட்டால் எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். வர இயலாதபடி சிக்கிக்கொண்டால் நீரையும் உப்பையும் பாதியாகக் குறையுங்கள். பழம், பருப்பு, கீரை ஆகியவற்றை அறவே நிறுத்துங்கள். தங்கியிருக்கும் இடத்துக்கு அருகில் டயாலிசிஸ் வசதி எங்கே உண்டு என்பதை எங்களிடம் தொலைபேசியில் கேட்டு அங்கே செல்லுங்கள். அதற்காகவே, கடைசியாகச் செய்த டயாலிசிஸ் குறிப்பின் நகல் ஒன்றைச் சட்டைப்பையில், முகவரிச் சீட்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். மூச்சுத் திணறலோ நெஞ்சு படபடப்போ மயக்கமோ தோன்றினால் 108-ஐ அழையுங்கள். தண்ணீர் சூழ்ந்த தெருவின் பெயரோடு, அருகில் மேடான இடம் எது என்பதையும் சேர்த்துச் சொன்னால் வண்டி விரைவில் வந்து சேரும்.